பழைய நாலு சிலிண்டர் ரேஸ் எஞ்சினில் எத்தனை குதிரைவலு எடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். மினி, டட்சன் 1200, எஸ்கோர்ட், ஆங்லியா என்று பழைய நாலு சிலிண்டர் கார்கள்தான் அதிகம் வரும், அவற்றிலும் பாதி கட்டுகுருந்தவுக்கோ நுவரெலியாவுக்கோ போட்டிக்குப் போகிற கார்கள். போனிலும் நேரிலும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வருகின்றன, அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத எஞ்சின்களைப் பற்றி மட்டும்தான் இங்கே பேசுகிறேன். பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வருகிற காற்றுதான் அவற்றுக்குக் கிடைக்கிற காற்று.

டர்போ இல்லாத எஞ்சினுக்கு உண்மையிலேயே ஒரு உச்சம் இருக்கிறதா, இல்லை காசு போடப் போட ஏறுமா?

உச்சம் இருக்கிறது. காசு உங்களை அதற்குக் கிட்டக் கொண்டுபோகும், அதைத் தாண்ட வைக்காது. எஞ்சினின் வலு இரண்டு விஷயங்களின் பெருக்கம்: ஒவ்வொரு தடவையும் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்றை அடைக்க முடிகிறது, அதை நிமிடத்துக்கு எத்தனை தடவை செய்ய முடிகிறது. முதலாவதைச் சராசரி அழுத்தமாகச் சொல்வார்கள், புத்தகங்களில் பி.எம்.இ.பி. என்று போட்டிருக்கும், அலகு பார். எஞ்சின் கொடுக்கிற டோர்க்கை (முறுக்கு விசையை) வைத்தே அதைக் கணக்கிடலாம், லீற்றருக்கு 100 நியூற்றன் மீற்றர் என்றால் ஏறத்தாழ 12.5 பார்.

கராஜ் சுவரில் சோக்கால் எழுதி வைத்திருக்கிற கணக்கு இதுதான்: பார் × சுற்று (நிமிடத்துக்கு) ÷ 900 = ஒரு லீற்றருக்குக் கிடைக்கிற குதிரைவலு. 12 பாரை 7500 சுற்றில் வைத்திருக்க முடிந்தால் லீற்றருக்கு 100. 1275 சிசி மினிக்கு அது 127 குதிரைவலு. சிலிண்டருக்கு இரண்டு வால்வ் இருக்கிற பழைய ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல் மூடியில்), அதுவும் உச்ச வலு வருகிற சுற்றில், 12 பார் என்பது மிக நன்றாகச் செய்த வேலை. நாலு வால்வ் ரேஸ் ஹெட்கள் 13, 14 பாருக்குப் போகும். டர்போ இல்லாமல் அதற்கு மேல் வெகு தூரம் போக வழியில்லை, ஏனென்றால் வெளியே இருக்கிற காற்றின் அழுத்தமே ஒரு பார்தான், குழாய்களின் நீளத்தாலும் அலைகளாலும் அதைக் கொஞ்சம் கூடுதலாக அடைக்கலாம், அவ்வளவே. ஆகவே யாராவது பழைய புஷ்ரொட் 1300இல் 180 எடுத்ததாகச் சொன்னால் எந்தச் சுற்றில் என்று கேளுங்கள். 9000 என்று பதில் வந்தால் சராசரி அழுத்தம் கிட்டத்தட்ட 14 பார் வரும். ரேஸ் எஞ்சின் கம்பனியான கொஸ்வேர்த்தின் எஃப்.வி.ஏ.யே அங்கே போகவில்லை.

எஃப்.வி.ஏ. என்றால் என்ன? அந்தக் காலத்து எஞ்சின்கள் உண்மையில் எவ்வளவு கொடுத்தன?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 1959இல் வந்த ஃபோர்ட் ஆங்லியாவின் 997 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். போர் (சிலிண்டரின் விட்டம்) 81 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்) வெறும் 48.4. வீட்டுக் காருக்கு இவ்வளவு குட்டை ஸ்ட்ரோக் போட்டது அந்தக் காலத்தில் புதுமை, அதனால்தான் ரேஸ்காரர்கள் அதைச் சுற்றி மொய்த்தார்கள். கொஸ்வேர்த் அதை எம்.ஏ.ஈ. என்ற பெயரில் ஃபோர்முலா 3க்குச் செய்தது. அந்தப் போட்டியில் ஒற்றை வாய்க் காபரேற்றர், அதிலும் 36 மில்லிமீற்றருக்கு மேல் காற்று வழி கூடாது என்று விதி. அந்த நெருக்கலுக்குள்ளேயே 100 குதிரைவலுவைத் தொட்டார்கள்.

அடுத்தது எஃப்.வி.ஏ. 1967இல் ஃபோர்முலா 2 விதி 1600 சிசிக்கு மாறியபோது கொஸ்வேர்த்தின் கீத் டக்வேர்த் சாதாரண ஃபோர்ட் கோர்ட்டினா ப்ளொக்கின் மேல் தன்னுடைய நாலு வால்வ் ஹெட்டை வைத்தார். அகலமாக விரிந்து நிற்கிற வால்வுகளுக்குப் பதிலாக இடைக் கோணத்தை 40 பாகைக்குச் சுருக்கி, எரியும் அறையைச் சின்னதாகவும் தட்டையாகவும் ஆக்கினார். கிடைத்தது 9000 சுற்றில் 218 குதிரைவலு. நம் கணக்கில் போட்டுப் பாருங்கள், லீற்றருக்கு 136, சராசரி அழுத்தம் 13.6 பார். அதே ஆண்டு சான்ட்வோர்ட்டில் முதல் ஓட்டத்திலேயே வென்ற ஃபோர்முலா 1 டி.எஃப்.வி. வி8 எஞ்சின் இந்த ஹெட்டில் கற்றதை வைத்துத்தான் பிறந்தது. பிறகு வந்த பி.எம்.டபிள்யூ. எம்12 இரண்டு லீற்றரில் 300 வரை போனது, லீற்றருக்கு 150. ஒரு முழுத் தொழிற்சாலையின் உழைப்பு, மக்னீசியம், டைட்டேனியம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பிரித்துப் பார்ப்பது என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த 150 வந்தது.

மற்றப் பக்கத்தில், கடையில் விற்ற மினி கூப்பர் எஸ் 1275 கொடுத்தது 76 குதிரைவலு, லீற்றருக்கு 60. உங்கள் எஞ்சின் இந்த 60க்கும் 136க்கும் இடையில் எங்கே நிற்க முடியும் என்பதை முக்கியமாக ஹெட்டின் அமைப்புத் தீர்மானிக்கிறது.

மினி 1275இல் ஏன் 125, 135க்கு மேல் போவது அவ்வளவு கஷ்டம்?

ஹெட்டைக் கழற்றித் திருப்பி வைத்துப் பாருங்கள். சிலிண்டர் நாலு, காற்று உள்ளே போகிற வாசல் இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வாசலைப் பங்கிடுகின்றன, மூன்றும் நாலும் இன்னொன்றை. வெளியேறும் பக்கத்தில் மூன்று வாசல்கள், நடுவில் இருப்பது இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்குப் பொது. மொத்தம் ஐந்து, அதனால்தான் ஐந்து போர்ட் ஹெட் என்கிறார்கள்.

பங்கிடுவது மட்டும் என்றால் சமாளிக்கலாம். தொந்தரவு நேரத்தில் இருக்கிறது. வெடிக்கும் ஒழுங்கு 1-3-4-2. அதாவது இரண்டாம் சிலிண்டர் காற்றை இழுத்து முடிக்கிற நேரத்திலேயே முதலாம் சிலிண்டர் இழுக்கத் தொடங்குகிறது, பிறகு அந்த வாசலில் ஒரு முழுச் சுற்று நேரம் யாருமே இல்லை. ரேஸ் கேம் (வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு) போட்டால் வால்வ் பிந்தி மூடும், முந்தித் திறக்கும். அப்போது இரண்டாவது இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே முதலாவது அதே குழாயில் இருந்து இழுத்துக்கொள்கிறது. உள் சிலிண்டருக்கும் வெளிச் சிலிண்டருக்கும் ஒரே கலவை கிடைக்காது. கேமை நீட்ட நீட்ட இந்தச் சண்டை கூடும். 37 மில்லிமீற்றர் இன்லெட் வால்வும் நல்ல போர்ட் வேலையும் 45 வெபர் காபரேற்றரும் போட்ட 1275, 125இல் இருந்து 135 வரை வரும், அந்த ஹெட்டுக்கு அது பெரிய சாதனை.

எட்டு போர்ட் ஹெட்கள் அந்தக் காலத்திலேயே வந்தன, இப்போது பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிளின் 16 வால்வ் ஹெட்டை வெட்டிப் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நன்றாக ஓடும். ஆனால் பழைய கார் வகுப்பில் ஓடப் போகிறீர்கள் என்றால் முதலில் விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

8500, 9000 சுற்றலாமா?

சுற்றும். எத்தனை தடவை என்பதுதான் கேள்வி.

பிஸ்டனின் சராசரி வேகம் என்று ஒன்றை முதலில் பார்ப்பேன்: ஸ்ட்ரோக் × 2 × சுற்று ÷ 60. மினி 1275இன் ஸ்ட்ரோக் 81.28 மில்லிமீற்றர், 7500இல் அது விநாடிக்கு 20.3 மீற்றர். டட்சன் 1200இல் இருக்கிற ஏ12 எஞ்சினின் ஸ்ட்ரோக் 70, அதே 7500இல் 17.5தான். பழைய ஒரிஜினல் க்ராங்க், ஒரிஜினல் கொன் ரொட் (பிஸ்டனை க்ராங்கோடு இணைக்கிற தண்டு) என்றால் 20க்குக் கீழே நில்லுங்கள். நல்ல உருக்குச் சாமான்கள் எல்லாம் மாற்றினால் 23 வரை போகலாம். 25 என்பது தொழிற்சாலை ரேஸ் எஞ்சின்களின் எல்லை.

வேகத்தை விடப் பயங்கரமானது இழுவை. 7500 சுற்றில் மினி பிஸ்டன் மேலே போய்த் திரும்புகிற அந்தக் கணத்தில் அதன் மேல் ஏற்படுகிற விசை, அதன் எடையைப் போல் 3200 மடங்குக்கும் மேல். பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று வைத்தாலும் ரொட் தாங்குவது 1300 கிலோ எடை, அதாவது இரண்டு மினி கார்களை ஒரு ரொட்டில் தொங்கவிட்ட மாதிரி. புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் முடிவில் எதிர்த்துத் தள்ள அழுத்தம் எதுவும் இல்லாததால் இந்த இழுவை முழுவதும் ரொட் போல்ட்டுகளில் விழுகிறது, விநாடிக்கு அறுபது தடவைக்கு மேல். இது சுற்றின் வர்க்கத்தோடு ஏறும். 7500இல் இருந்து 8500க்குப் போனால் சுற்று கூடுவது 13 சதவீதம், இழுவை கூடுவது 28 சதவீதம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மினியில் பழைய ரொட் போல்ட்டுகளையே திரும்பப் போட்டேன். பார்வைக்குப் புதிது மாதிரி இருந்தன. பயிற்சி ஓட்டத்தில் 7600இல் ஒன்று அறுந்து, ரொட் ப்ளொக்கின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அறுந்த முகத்தை லென்ஸில் பார்த்தேன். பாதிக்கு மேல் மங்கலாக, கடற்கரை மணலில் அலை விட்டுப் போன வரிகள் மாதிரி வளைவு வளைவான கோடுகள், மிச்சம் பளபளவென்று சொரசொரப்பாக. அந்த வரிகள் எல்லாம் பல நாளாக மெல்ல மெல்ல வளர்ந்த வெடிப்பு. சொரசொரப்பான பகுதிதான் அன்றைக்கு அறுந்தது. அந்த ப்ளொக் போனது இன்றைக்கும் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகு என் கராஜில் எந்த ரேஸ் எஞ்சினுக்கும் பழைய ரொட் போல்ட் போவதில்லை.

கூப்பர் எஸ் க்ராங்க் நைட்ரைட் செய்த (மேற்பரப்பைக் கடினமாக்கிய) விசேட உருக்கு, பிற்காலத்துச் சாதாரண 1275 க்ராங்க் அப்படிப்பட்டது இல்லை, இரண்டும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும். அத்தோடு மினியில் க்ராங்கைத் தாங்குவது மூன்று பெயாரிங், ஏ12இல் ஐந்து. 8000க்கு மேல் மூன்று பெயாரிங் க்ராங்க் நடுவில் வளைந்து துடிக்கத் தொடங்கும்.

போரைப் பெருப்பித்து சிசியைக் கூட்டினால் சுலபமாக வலு வராதா?

வரும். நேர்மையான வலு அதுதான், ஏனென்றால் கீழ்ச் சுற்றிலும் கிடைக்கும். 1275இன் 70.61 போரை 73.5 ஆக்கினால் 1380 சிசி, 8 சதவீதம் கூடுதல். ஆனால் அதே ஹெட், அதே இரண்டு வாசல். அதனால் டோர்க் ஏறும், உச்ச வலு அதே அளவுக்கு ஏறாது, கொஞ்சம் கீழ்ச் சுற்றுக்கு இறங்கி வரும்.

வரம்பு போடுவது சுவர். பஞ்சிகாவத்தையில் எனக்கு போர் வேலை செய்கிற நானா ப்ளொக்கைப் பெஞ்சில் வைத்து, இரண்டு போர்களுக்கு நடுவில் இருக்கிற சுவரை விரல் முட்டியால் தட்டிக் கேட்பார், பிறகுதான் அளவுக் கருவியை எடுப்பார். 73.5க்கு மேல் போகலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "தம்பி, இதுக்கு மேல கடைஞ்சா அது சுவர் இல்ல, தாள்" என்றார். அவர் சொன்னது சரி. சுவர் மெல்லியதானால் சூட்டில் வட்டம் கோணும், ரிங் ஒட்டாது, நீங்கள் எடுத்த 8 சதவீதம் ரிங்கைத் தாண்டிக் கீழே சம்ப்புக்குள் (எண்ணெய்த் தொட்டிக்குள்) புகையாகப் போய்விடும். நல்ல 1275 ப்ளொக் கொழும்பில் தேடிக் கிடைப்பது அருமையாகிக்கொண்டு வருகிறது. கையில் இருப்பது ஒன்றே ஒன்று என்றால் முதல் அளவிலேயே நிறுத்தி, அடுத்த தடவைக்குச் சுவரை மிச்சம் வையுங்கள்.

கொம்ப்ரெஷன் எவ்வளவு வைக்கலாம், 95 பெற்றோலில்?

கொம்ப்ரெஷன் என்பது பிஸ்டன் கீழே நிற்கும்போது இருக்கிற இடம், மேலே நிற்கும்போது இருக்கிற இடத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது. அதை 9இல் இருந்து 11க்கு ஏற்றினால் கோட்பாட்டுக் கணக்கில் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் லாபம், 11இல் இருந்து 13க்கு ஏற்றினால் 4 சதவீதம். ஏற ஏற லாபம் குறைகிறது, ஆபத்து கூடுகிறது. இங்கே பெற்றோல் நிலையத்தில் கிடைக்கிற 95இல், இரும்பு ஹெட் பழைய எஞ்சினுக்கு 10.5இல் இருந்து 11 வரை என் கணக்கு. 92இல் ரேஸ் எஞ்சின் ஓட்டவே வேண்டாம். கேம் நீளமாக இருந்தால் இன்லெட் வால்வ் பிந்தி மூடுவதால் கீழ்ச் சுற்றில் உண்மையான அழுத்தம் குறையும், அப்போது இன்னும் கொஞ்சம் தாங்கும்.

இதில் அளவு எவ்வளவு நுணுக்கம் என்று பாருங்கள். 1275இல் ஒரு சிலிண்டர் 318 சிசி. கொம்ப்ரெஷன் 11 என்றால் மேலே மிச்ச இடம் 31.8 சிசி, 12 என்றால் 28.9. வித்தியாசம் மூன்று சிசிகூட இல்லை, அரைத் தேக்கரண்டி. ஆகவே "ஹெட்டைக் கொஞ்சம் சீவினேன்" என்பது அளவே இல்லை. ஹெட்டைக் கவிழ்த்து, கண்ணாடித் தகட்டைக் கிரீஸ் பூசி ஒட்டி, சின்ன ஓட்டை வழியாக மருந்தூசியால் எண்ணெய் விட்டு அளக்க வேண்டும், நாலு அறையும் தனித்தனியாக.

வெடிப்பு அடிக்கிறதா (கலவை ஒழுங்காக எரியாமல் தானாக வெடித்துப் பிஸ்டனை அடிக்கிறதா) என்று காதால் மட்டும் பார்க்காதீர்கள், ரேஸ் சத்தத்தில் கேட்காது. ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானை லென்ஸில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகளும் இடையிடையே வெள்ளிப் பொட்டுகளும் இருந்தால், அந்த வெள்ளி உங்கள் பிஸ்டனின் அலுமினியம்.

பெரிய கேம் போட்டால் கூடத்தானே வரும்?

மேலே கூடும், கீழே போகும். ஒரு கணக்கு சொல்கிறேன். கூப்பர் எஸ் கியர்பெட்டியில் முதல் கியர் 3.2, இரண்டாவது 1.92. 7500இல் மாற்றினால் அடுத்த கியரில் எஞ்சின் 4500இல் விழும். உங்கள் கேம் 5000இல்தான் விழிக்கிறது என்றால் ஒவ்வொரு தடவையும் அந்த 500 சுற்றுக்கு நீங்கள் காத்திருக்கிறீர்கள், பின்னால் வருகிறவர் 15 குதிரைவலு குறைந்த எஞ்சினோடு உங்களைக் கடந்து போகிறார். கட்டுகுருந்த போன்ற விமான ஓடுதளத்தில் இது அவ்வளவு தெரியாது. மலை ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவில், முழுதாகத் தெரியும்.

கேம் மாற்றும்போது தவறவே விடக்கூடாத ஒன்று வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடுகிற களிமண்ணை ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, திரும்பக் கழற்றிக் களிமண்ணைக் கத்தியால் வெட்டிப் பாருங்கள். வால்வ் பதிந்த இடத்தில் மிச்சம் இருக்கிற தடிப்புத்தான் இடைவெளி. இன்லெட்டில் 2 மில்லிமீற்றர், எக்ஸோஸ்ட்டில் 2.5 எனக்கு வேண்டும். எக்ஸோஸ்ட்டுக்குக் கூட வைப்பது அந்த வால்வ் சூட்டில் நீள்வதாலும், திரும்பி வருகிற பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு வருவதாலும். மேல்ச் சுற்றில் ஸ்பிரிங் கட்டுப்பாட்டை இழந்து வால்வ் மிதந்தால் இந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

காபரேற்றரில் இரட்டை எஸ்.யூ. நல்லதா, வெபர் நல்லதா?

மினியில் வித்தியாசம் ஆட்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒன்றரை அங்குல இரட்டை எஸ்.யூ., ஊசி சரியாகப் பொருந்தினால், வெபருக்கு மிகக் கிட்ட வரும், கீழ்ச் சுற்றில் சில நேரம் அதை விட நன்றாக இருக்கும். ஏ12, எஸ்கோர்ட் போல் நாலு தனி வாசல் இருக்கிற ஹெட்களில் கதை வேறு, அங்கே இரண்டு வெபர் போட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வாய் கொடுத்தால் உண்மையிலேயே எழும்பும். எது போட்டாலும் கலவையை அளக்காமல் ஜெட் (பெற்றோல் வருகிற அளவு ஓட்டை) மாற்றாதீர்கள். முழு வலுவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 12.6இல் இருந்து 13 பங்கு காற்று.

கொழும்பில் நன்றாக ஓடிய கார் நுவரெலியாவில் ஏன் செத்துப் போகிறது?

காற்று இல்லை. மஹகஸ்தொட்ட மலை ஏற்றம் 1930களில் இருந்து நடக்கிற போட்டி, அங்கே போகிறவர்கள் எல்லாம் இதைப் பார்த்திருப்பார்கள். நுவரெலியா கிட்டத்தட்ட 1900 மீற்றர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம். குளிரால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், எல்லாம் சேர்த்து 100 குதிரைவலு அங்கே 83 போல. டர்போ இல்லாத எஞ்சினுக்கு இதில் இருந்து தப்ப வழி இல்லை, ஆனால் எல்லாருக்கும் அதே நட்டம்தான்.

செய்யக்கூடியது இரண்டு. மெயின் ஜெட்டைச் சின்னதாக்குங்கள், இல்லாவிட்டால் கலவை தடித்து, கறுப்புப் புகையோடு இன்னும் 5 குதிரைவலு போகும். மற்றது, மெல்லிய காற்றில் வெடிப்பு அடிக்கிற பயம் குறைவு, ஆகவே ப்ளக் பொறி விடுகிற டைமிங்கை இரண்டு பாகை முன்னால் தள்ளலாம். மலைக்கு மட்டும் ஓடுகிற கார் என்றால் கொம்ப்ரெஷனை 12க்கு மேலேயே வைக்கலாம். அதே எஞ்சினைத் திரும்ப கொழும்புக்குக் கொண்டுவந்து 95இல் முழுதாக மிதித்தால் பிஸ்டன் போகும். போட்டி முடிந்து இறங்குவதற்கு முன்பே ஜெட்டையும் டைமிங்கையும் பழையபடி மாற்றிவிடுங்கள், களைப்பில் மறந்துபோகும்.

கொழும்பிலும் காற்று அவ்வளவு நல்லது இல்லை. 31 பாகை வெயிலில், கடல் ஈரத்தோடு, உள்ளே போகிற காற்றில் நூற்றுக்கு மூன்று பங்கு வெறும் நீராவி. புத்தகத்தில் 15 பாகை உலர் காற்றுக்கு எழுதிய எண்ணை விட 5, 6 சதவீதம் குறைவாகத்தான் இங்கே வரும். காபரேற்றருக்கு ரேடியேற்றர் சூட்டுக் காற்று போகாமல் ஒரு தகரப் பெட்டி அடித்துக் கொடுங்கள். நான் செய்கிற வேலைகளிலேயே மலிவானது அது.

டைனோ (வலு அளக்கிற கருவி) காட்டுகிற எண்ணை நம்பலாமா?

அதே டைனோவில் முன்னும் பின்னும் ஓட்டி ஒப்பிட்டால் நம்பலாம். ஒரு இடத்து எண்ணை இன்னொரு இடத்து எண்ணோடு ஒப்பிடாதீர்கள். சில்லில் அளந்ததா, ஃப்ளைவீலில் அளந்ததா, ஃப்ளைவீல் என்றால் கியர்பெட்டி நட்டம் எவ்வளவு என்று ஊகித்துக் கூட்டினார்கள், வெப்பத்துக்குத் திருத்தம் போட்டார்களா, இவை எல்லாம் எண்ணை 20 சதவீதம் கூட அசைக்கும். நான் உச்ச எண்ணைப் பார்ப்பதற்கு முன் டோர்க் கோட்டைப் பார்ப்பேன், அதை லீற்றருக்குப் பிரித்துப் பாராக மாற்றினால் பொய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

டட்சன் ஏ12 வைத்திருக்கிறேன். மினியை விட நல்ல எஞ்சினா?

ரேஸுக்கு, ஆம். மினிக்காரர்கள் கோபிக்க வேண்டாம், எனக்கும் மினி பிடிக்கும். 1171 சிசிதான், ஆனால் போர் 73, ஸ்ட்ரோக் 70, ஐந்து பெயாரிங், அலுமினிய ஹெட், நாலு தனி இன்லெட் வாசல். சுற்றுவதற்கென்றே பிறந்த அமைப்பு. ஜப்பானில் பி110 சன்னிகளை (நம் டட்சன் 1200தான்) 1300 சிசி வகுப்பில் ஓட்டியவர்கள் இந்த எஞ்சினின் போரைப் பெருப்பித்து, 10000 சுற்று வரை ஏற்றி, 150 குதிரைவலுவைத் தாண்டினார்கள், அதுவும் புஷ்ரொட்டோடு. பிஸ்டன் வேகம் அப்போதும் விநாடிக்கு 23.3 மீற்றர்தான். நம் ஊர்ச் செலவில், உருக்கு ரொட்டும் இரண்டு வெபரும் நல்ல கேமும் போட்டு 8000இல் நிறுத்தினால் 110, 115 நியாயமான இலக்கு.

எஞ்சினைக் கொண்டுவருவதற்கு முன் நான் என்ன செய்து வைக்கலாம்?

கழுவாதீர்கள். ப்ளக்கைத் துடைக்காதீர்கள், எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள். க்ராங்க், ப்ளொக் எண்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், அதிலேயே பாதி பதில் சொல்லிவிடலாம். எந்தப் போட்டி, எந்த வகுப்பு, வருடத்துக்கு எத்தனை ஓட்டம் என்பதை யோசித்து வையுங்கள், ஏனென்றால் 7000இல் நிற்கிற 105 குதிரைவலு எஞ்சின் பல பருவங்கள் ஓடும், 8000இல் ஓடுகிற 130 எஞ்சினை ஒவ்வொரு பருவமும் பிரிக்க வேண்டும், ஸ்பிரிங்கும் ரொட் போல்ட்டும் பெயாரிங்கும் ஒவ்வொரு தடவையும் புதிது. ஹெட் கழற்றியிருந்தால் பழைய கஸ்கட்டை எறியாமல் கொண்டுவாருங்கள். இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு நடுவில் கறுத்துப் போன இடத்தின் அகலத்தைப் பார்த்தால், அந்த ஹெட் எவ்வளவு நாளாகத் தூக்கிக்கொண்டு இருந்தது என்று தெரியும்.